தனக்குக் கிடைக்காத இருக்கை: சர் ஆசுதோஷ் முகர்ஜியும் கல்கத்தா வந்த தமிழர்களும்

கல்கத்தாவில் வாழும் தமிழர்களிடம் சி.வி.ராமனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "நம்ம ராமன் இங்கேதானே நோபல் பரிசு வாங்கினார்!" என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் இளைஞரைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக உட்கார வைத்தவர் யார் என்று கேட்டால், பதில் சட்டென்று வருவதில்லை. இத்தனைக்கும், பவானிபூரில் அவர் பெயர் தாங்கிய சாலையில்தான் நாம் வாரத்துக்கு நாலு தடவை பஸ்ஸில் போய் வருகிறோம். மெட்ரோவும் அதன் அடியில்தான் ஓடுகிறது.

அவர் சர் ஆசுதோஷ் முகர்ஜி. 'வங்காளப் புலி' என்று இங்குள்ளவர்கள் அழைக்கும் மனிதர். கணித மேதை, உயர்நீதிமன்ற நீதிபதி, துணைவேந்தர் என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. ஓர் உயர்கல்வித் தலைவராக அவர் சாதித்தது என்ன, அதில் தமிழர்களாகிய நாம் பட்ட கடன் என்ன என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கில் மனம், கோர்ட்டில் பிழைப்பு

ஆசுதோஷ் 1864ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தா பௌபஜாரில் பிறந்தார். தந்தை கங்கா பிரசாத் ஒரு மருத்துவர். பையனுக்குக் கணக்கு என்றால் உயிர். மாணவப் பருவத்திலேயே, யூக்ளிடின் ஒரு தேற்றத்துக்கு அவர் கண்ட புதிய நிரூபணம் இங்கிலாந்துக் கணித இதழ் ஒன்றில் வெளியானது. பிரசிடென்சி கல்லூரியில் படித்து 1885இல் கணிதத்தில் எம்.ஏ., அடுத்த ஆண்டு இயற்பியலில் எம்.ஏ. தேறினார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இப்படி இரட்டை எம்.ஏ. வாங்கிய முதல் மாணவர் அவரே. பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகையும் அவருக்குக் கிடைத்தது.

இப்படிப்பட்டவர் கணிதப் பேராசிரியராகத்தானே ஆகியிருக்க வேண்டும்? ஆகவில்லை. காரணம் எளிது. அன்றைய கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என்று ஒரு பதவியே கிடையாது! 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டவை. அவை பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும். பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. ஆராய்ச்சி யாருடைய வேலையும் அல்ல.

அரசாங்கக் கல்வித்துறையில் ஒரு வேலை அவரைத் தேடி வந்தது. ஆனால் அதே வேலையைப் பார்க்கும் வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம் என்பது அன்றைய வழக்கம். சமமான தகுதிக்குச் சமமான நிலை வேண்டும் என்று கேட்டார். அது நடக்காது என்று தெரிந்ததும் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்காக ஓர் ஆராய்ச்சி இருக்கையை ஏற்படுத்த, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தரான குருதாஸ் பானர்ஜி முயன்றும் பணம் சேரவில்லை. கணிதத்தில் இருந்த மனத்தை அடக்கிக்கொண்டு ஆசுதோஷ் சட்டத்துக்குப் போனார். 1888இல் சட்டப் பட்டம். புகழ்பெற்ற வழக்கறிஞர் ராஷ்பிஹாரி கோஷிடம் தொழில் பழகினார். 1894இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1904இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார்.

இந்த ஒரு ஏமாற்றத்தை நினைவில் வைத்துக்கொண்டால் அவருடைய பின்னாளைய செயல்கள் எல்லாம் விளங்கும். ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் வேண்டும் என்று ஏங்கி, அது கிடைக்காமல் போனவர் அவர். அதிகாரம் கைக்கு வந்தபோது அந்த இடத்தை மற்றவர்களுக்கு ஏற்படுத்திக் கொடுத்தார்.

கட்டிப்போட வந்த சட்டம்

ஆசுதோஷ் 1889இல், தமது 24ஆவது வயதிலேயே, பல்கலைக்கழக செனட் உறுப்பினர் ஆகிவிட்டார். விதிகளைக் கரைத்துக் குடித்தவர் என்று சொல்லலாம். அந்தப் படிப்பு பிறகு கை கொடுத்தது.

1904இல் கர்சன் பிரபு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் அரசியல் பேசும் இந்தியர்களின் கூடாரமாகிவிட்டன என்பது அவர் எண்ணம். புதிய சட்டப்படி கல்கத்தா செனட்டில் 100 உறுப்பினர்கள். அதில் தேர்ந்தெடுக்கப்படுபவர் 20 பேர். மீதி 80 பேரை வேந்தரே நியமிப்பார். கோகலே போன்ற தலைவர்கள் இந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தனர்.

அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் இன்னொன்றும் இருந்தது. பல்கலைக்கழகம் தானே பேராசிரியர்களையும் விரிவுரையாளர்களையும் நியமிக்கலாம், நூலகமும் ஆய்வுக்கூடமும் அமைக்கலாம் என்று அது சொன்னது. பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. பலர் அதை ஓர் அலங்கார வாசகம் என்றே எடுத்துக்கொண்டார்கள். 1906இல் மின்டோ பிரபு ஆசுதோஷைத் துணைவேந்தராக நியமித்தபோது, அவர் பிடித்துக்கொண்டது அந்த மூன்றாம் பிரிவைத்தான். கட்டிப்போட வந்த கயிற்றையே ஏணியாக்கி ஏறினார் என்றால் மிகையாகாது.

1906 முதல் 1914 வரை தொடர்ந்து நான்கு முறை அவர் துணைவேந்தராக இருந்தார். அந்தக் காலத்தில் துணைவேந்தர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. பகலில் கோர்ட், காலையிலும் மாலையிலும் பல்கலைக்கழகம். இப்படித்தான் அவர் நாள் ஓடியது. பொருளாதாரத்துக்கு மின்டோ இருக்கை, தத்துவத்துக்கு ஐந்தாம் ஜார்ஜ் இருக்கை, உயர்கணிதத்துக்கு ஹார்டிஞ்ச் இருக்கை, பண்டை இந்திய வரலாற்றுக்குக் கார்மைக்கேல் இருக்கை என்று வரிசையாக ஏற்படுத்தினார். பெயர்களைக் கவனியுங்கள். எல்லாம் வைஸ்ராய், அரசர், கவர்னர் பெயர்கள்! தங்கள் பெயரில் அமைந்த இருக்கையை எந்த அதிகாரி எதிர்ப்பார்? மனிதர் உலகம் தெரிந்தவர்.

1908இல் கல்கத்தா கணிதக் கழகத்தைத் தொடங்கினார். 1914 ஜனவரியில் இந்திய அறிவியல் மாநாடு முதன்முதலாகக் கல்கத்தா ஆசியவியல் கழகத்தில் கூடியபோது அதற்குத் தலைமை வகித்தவரும் இவரே.

இரண்டு வக்கீல்கள் கொடுத்த சொத்து

இருக்கைகளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அறிவியலுக்கு என்ன செய்வது? ஆய்வுக்கூடம் என்றால் கட்டடம், கருவி, ஆட்கள் என்று லட்சக்கணக்கில் செலவு. அரசாங்கம் கையை விரித்தது.

இந்த இடத்தில்தான் இரண்டு வழக்கறிஞர்கள் வருகிறார்கள். 1912இல் சர் தாரக்நாத் பாலித் நிலமும் பணமுமாகச் சுமார் 15 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். அடுத்த ஆண்டு ராஷ்பிஹாரி கோஷ் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார். ஆமாம், ஆசுதோஷ் தொழில் பழகிய அதே கோஷ்தான். இருவரும் கோர்ட்டில் வாதாடிச் சம்பாதித்த பணம் அது.

இருவரும் ஒரு நிபந்தனை போட்டார்கள். தங்கள் பணத்தில் அமையும் பேராசிரியர் பதவிகளில் இந்தியர்களே அமர வேண்டும். இந்தியக் கல்வி சேவையின் மேல்தட்டு முழுக்க வெள்ளைக்காரர்களாக இருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. இளம் ஆசுதோஷ் கேட்டுக் கிடைக்காத சமநிலை, இப்போது பத்திரத்திலேயே எழுதப்பட்டது.

1914 மார்ச் 27ஆம் நாள் அப்பர் சர்க்குலர் சாலையில் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று ராஜாபஜார் சயன்ஸ் காலேஜ் என்று நாம் சொல்லும் கட்டடம் அதுதான். சாலையின் பெயர் இப்போது ஆசார்ய பிரபுல்ல சந்திர சாலை. அந்தப் பிரபுல்ல சந்திர ராய்தான் 1916இல் அங்கு வேதியியல் பாலித் பேராசிரியராக வந்தவர்.

சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா ஆகியோர் அப்போது எம்.எஸ்ஸி. முடித்த இளைஞர்கள். புதிய இயற்பியலைக் கற்பிக்க வாய்ப்புக் கேட்டு ஆசுதோஷிடம் போனார்கள். அந்தப் பாடங்களை அவர்களுக்கே யாரும் கற்பித்தது கிடையாது. தாங்களே படித்துக் கற்பிக்கிறோம் என்றார்கள். ஆசுதோஷ் ஒப்புக்கொண்டார். புத்தகம் கிடைக்காத போர்க்காலத்தில் தம் சொந்த நூலகத்தையும் அவர்களுக்குத் திறந்துவிட்டார். 1920இல் ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளைப் போஸும் சாகாவும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, கல்கத்தா பல்கலைக்கழகம் அதை நூலாக வெளியிட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னே அனுபவமே இல்லாமல் வந்து நின்ற இரண்டு பையன்கள் செய்த காரியம் இது.

கணக்காபீசிலிருந்து வந்த பேராசிரியர்

இனி நம்மவர் கதைக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன், சென்னை பிரசிடென்சி கல்லூரியில் எம்.ஏ. முடித்து, நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, 1907இல் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தா வந்தார். வயது 18. அக்காலத்தில் நம்மவர்கள் கனவு காணும் உத்தியோகம். கை நிறையச் சம்பளம், மரியாதை, பென்ஷன்.

ஆனால் அவர் மனம் இருந்தது பௌபஜார் தெருவில். அங்கே 210ஆம் எண் கட்டடத்தில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. நல்ல ஆய்வுக்கூடம், ஆனால் ஆராய்ச்சி செய்ய ஆள் வருவதில்லை. ஆபீசுக்குப் போகும் முன்னும் ஆபீஸ் முடிந்த பின்னும் ராமன் அங்கே போய் வேலை செய்வார். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல். 1911இல் மறுபடி கல்கத்தா. அதிர்வுகளையும் இசைக்கருவிகளின் ஒலியையும் பற்றிய அவருடைய கட்டுரைகள் வெளிநாட்டு இதழ்களில் வந்துகொண்டிருந்தன. எல்லாம் ஓய்வு நேர ஆராய்ச்சி!

இயற்பியலுக்கான பாலித் பேராசிரியர் பதவிக்கு ஆசுதோஷ் தேர்ந்தெடுத்தது இந்தக் கணக்காபீஸ் அதிகாரியைத்தான். யோசித்துப் பாருங்கள். ராமன் வங்காளி அல்ல. கல்லூரி ஆசிரியராக இருந்தவர் அல்ல. டாக்டர் பட்டம் கிடையாது. கடல் கடந்து படித்தவரும் அல்ல. கடைசியாகச் சொன்னது ஒரு பெரிய தடை. பாலித் பேராசிரியராக வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. போய்விட்டு வாருங்களேன் என்று ராமனிடம் சொல்லப்பட்டது. அவர் மாட்டேன் என்று மறுத்துவிட்டார். இந்தியாவிலேயே செய்த வேலையைப் பார்த்து எடுப்பதானால் எடுங்கள் என்பது அவர் நிலை.

வேறு ஒரு துணைவேந்தராக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். "விதி இடம் கொடுக்கவில்லை, மன்னிக்கவும்" என்று ஒரு கடிதம் போயிருக்கும். ஆசுதோஷ் என்ன செய்தார்? ராமனுக்காக விதியைத் தளர்த்தினார். அந்தரங்கமாக அல்ல, பல்கலைக்கழகத்தின் முறைப்படி. ஒரு நீதிபதி இப்படிச் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. விதியின் நோக்கம் நல்ல ஆய்வாளரைப் பெறுவது. நல்ல ஆய்வாளர் எதிரிலேயே நிற்கும்போது, அவருடைய கட்டுரைகள் மேசைமேல் இருக்கும்போது, விதியின் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு நோக்கத்தை விடுவானேன் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

ராமன் 1917இல் அரசு வேலையை விட்டுவிட்டுப் பாலித் பேராசிரியரானார். புதிய சம்பளம் பழையதில் ஏறக்குறையப் பாதிதான். "நல்ல வேலையை விட்டுட்டு வாத்தியார் வேலைக்கா போறே?" என்று ஊர்ப்பக்கம் கேட்டிருக்க மாட்டார்களா என்ன!

1921இல் ஆக்ஸ்போர்டில் பேரரசின் பல்கலைக்கழகங்களுடைய மாநாடு நடந்தது. கல்கத்தாவின் பிரதிநிதிகளில் ஒருவராக ராமனைப் பல்கலைக்கழகம் அனுப்பியது. அதுவே அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம். தகுதி தேடிக் கடல் கடக்க மாட்டேன் என்றவர், தகுதியோடு கடல் கடந்தார். அந்தக் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. வானத்தின் நிறம் நீரில் தெரிவதால்தான் கடல் நீலம் என்று அதுவரை சொல்லப்பட்டு வந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று ராமன் காட்டினார். அந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சி 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவாக முடிந்தது. 1930இல் நோபல் பரிசு வந்தது. அறிவியலில் நோபல் பெற்ற முதல் ஆசியர் அவர். அதைப் பார்க்க ஆசுதோஷ் உயிரோடு இல்லை.

ராமன் விளைவு பற்றி 'நேச்சர்' இதழுக்குச் சென்ற முதல் அறிவிப்பில் ராமனோடு கையெழுத்திட்டவர் இன்னொரு தமிழர். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன் 1920இல் ராமனைத் தேடிக் கல்கத்தா வந்து, அறிவியல் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். ஓர் இருக்கை ஓர் ஆளோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தென்னாட்டுக்கு ஓர் இடம்

ராமன் ஒருவரோடு இது நிற்கவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் தத்துவ இருக்கையில் இருந்த பிரஜேந்திரநாத் சீல் 1921இல் மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் போனார். அதே ஆண்டு மைசூரில் பேராசிரியராக இருந்த ஒருவரை ஆசுதோஷ் அந்த இருக்கைக்கு வரவழைத்தார். அவர்தான் திருத்தணியில் பிறந்து சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். தாய்மொழி தெலுங்கு ஆனாலும் நம் மண்ணில் வளர்ந்தவர். அப்போது அவருக்கு வயது 33கூட நிறையவில்லை. உலகம் அவரை அறிந்துகொண்டது கல்கத்தா இருக்கையில் அமர்ந்த பிறகுதான்.

சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் எஸ்.கிருஷ்ணசாமி ஐயங்கார் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அழைப்பில் இங்கே வந்து, இந்தியப் பண்பாட்டுக்குத் தென்னிந்தியா அளித்த கொடைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றை 1923இல் இந்தப் பல்கலைக்கழகமே நூலாக வெளியிட்டது. இந்திய வரலாறு என்றால் கங்கைக் கரையோடு முடிந்துவிடும் என்று பலர் நினைத்திருந்த காலம் அது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு செய்தி. ஆசுதோஷின் மகள் கமலா இளம் வயதில் விதவையானவர். 1908இல் சமூகத்தின் எதிர்ப்பை மீறி அவருக்கு ஆசுதோஷ் மறுமணம் செய்து வைத்தார். மகள் மறைந்த பின், அவர் பெயரில் ஒரு சொற்பொழிவு அறக்கட்டளையைப் பல்கலைக்கழகத்தில் ஏற்படுத்தினார். அந்தக் கமலா சொற்பொழிவை 1926இல் ஆற்றியவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். இந்தியக் குடிமகனின் உரிமைகளும் கடமைகளும் என்பது அவர் பொருள். பிறகு பி.எஸ்.சிவசாமி ஐயரும் அதே மேடையில் பேசினார். ஒரு வங்காளித் தந்தை மகளின் நினைவாக எழுப்பிய மேடையில் தஞ்சை மாவட்டத்துக்காரர்கள் இருவர் பேசியிருக்கிறார்கள்.

தாய்மொழிக்கு ஓர் எம்.ஏ.

1891இல் இளம் செனட் உறுப்பினராக இருந்தபோதே, பட்டத் தேர்வுகளில் நாட்டு மொழிகளுக்கும் இடம் வேண்டும் என்று ஆசுதோஷ் தீர்மானம் கொண்டுவந்தார். அது தோற்றது. அவர் விடவில்லை. 28 ஆண்டுகள் கழித்து 1919இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இந்திய நாட்டு மொழிகளில் எம்.ஏ. வகுப்பு தொடங்கியது. வீட்டில் பேசும் மொழியில் எம்.ஏ.வா என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். வங்க மொழிக்கு முதலிடம் என்றாலும், மாணவர் இன்னொரு இந்திய மொழியையும் கற்க வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. 1922இல் கைரா மொழியியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டவர் சுனிதி குமார் சட்டர்ஜி. வங்க மொழியின் வரலாற்றை எழுதும்போது திராவிட மொழிகளின் தொடர்பையும் எடுத்துப் பேசிய அறிஞர் அவர்.

பட்டம் எதுவும் பெறாத ரவீந்திரநாத் தாகூருக்கு 1913இல் இதே பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதும் துணைவேந்தர் இவரே.

இரண்டரை லட்சமும் நிபந்தனையும்

அரசாங்கத்தோடு அவர் உறவு எப்போதும் சுமுகமாக இருந்ததில்லை. 1913இல் கே.பி.ஜெயஸ்வால் உள்ளிட்ட மூவரைப் பல்கலைக்கழகம் விரிவுரையாளர்களாக நியமித்தபோது, அரசியல் தொடர்பைக் காட்டி அரசு அனுமதி மறுத்தது. 1917 முதல் 1919 வரை மைக்கேல் சாட்லர் தலைமையிலான கல்கத்தா பல்கலைக்கழகக் குழுவில் ஆசுதோஷ் உறுப்பினராக இருந்தார். அந்தக் குழு நிறைய நல்ல யோசனைகளைச் சொன்னது. கல்கத்தாவைப் பொறுத்தவரை அவற்றை நிறைவேற்றப் பணம்தான் வரவில்லை.

1921இல் ஆசுதோஷ் மறுபடி துணைவேந்தரானார். அப்போது பல்கலைக்கழகத்தின் கஜானா காலி. முதுகலைப் பிரிவு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே பெரும்பாடாக இருந்தது. 1922இல் வங்காள அரசு இரண்டரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தின் கணக்கு வழக்குகளையும் செலவையும் அரசு கட்டுப்படுத்தும் வகையில் நிபந்தனைகள் கூடவே வந்தன. பசியோடு இருப்பவனுக்குச் சோற்றைக் காட்டி விலங்கை நீட்டுவது போன்ற காரியம்.

செனட்டில் ஆசுதோஷ் பேசிய பேச்சு புகழ்பெற்றது. முதலிலும் சுதந்திரம், அடுத்தும் சுதந்திரம், எப்போதும் சுதந்திரம் என்பதே அதன் சாரம். வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுப்போமே தவிர இந்தப் பணத்தை வாங்க மாட்டோம் என்ற பொருளில் பேசினார். செனட் அவர் பின்னால் நின்றது. பணம் வேண்டாம் என்று முடிவாயிற்று.

அடுத்த ஆண்டு, 1923 மார்ச் மாதம், வேந்தராக இருந்த கவர்னர் லிட்டன் பிரபு, அரசின் போக்குக்கு ஒத்துழைப்பதானால் பதவியை நீட்டிக்கிறேன் என்ற பொருளில் கடிதம் எழுதினார். அவமதிப்பான இந்த அழைப்பை ஏற்க முடியாது என்று ஆசுதோஷ் பதில் எழுதினார். பதவி போயிற்று, பெயர் நின்றது. 1924 மே 25ஆம் நாள், ஒரு வழக்குக்காகப் பாட்னா சென்றிருந்த இடத்தில், தமது 59ஆவது வயதில் அவர் காலமானார்.

மறுபக்கமும் உண்டு

வெறும் புகழ் மாலை வரலாறு ஆகாது. அவர் காலத்திலேயே அவரைக் கடுமையாக விமர்சித்தவர்கள் இருந்தார்கள், அதுவும் சாமானியர்கள் அல்ல. வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்காரும், 'மாடர்ன் ரிவ்யூ' ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜியும் முன்னணியில் இருந்தார்கள். தேர்வுகள் எளிதாகிவிட்டன, தரம் குறைந்துவிட்டது, முதுகலைத் துறைகள் சக்திக்கு மீறிப் பெருத்துவிட்டன, எல்லாம் ஒரே மனிதரின் கையில் இருக்கிறது என்பவை அவர்களுடைய குற்றச்சாட்டுகள்.

இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. சாட்லர் குழு எழுதியபோது வங்காளத்தில் பட்டப்படிப்புக்குப் படித்தவர்கள் ஏறக்குறைய 26,000 பேர். மக்கள் தொகையில் சமமாக இருந்த பிரிட்டனின் எண்ணிக்கைக்குச் சற்றேறக்குறைய இது சமம். அவர்கள் கட்டிய பரீட்சைக் கட்டணத்தில் ஒரு பகுதிதான் முதுகலைத் துறைகளை நடத்தியது. பரீட்சை எழுதும் கூட்டம் குறைந்தால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்ற நிலை ஆரோக்கியமானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பணத்தட்டுப்பாட்டைத் தாங்க முடியாமல் நல்ல ஆட்களும் வெளியேறினார்கள். போஸ் 1921இல் டாக்காவுக்கும், சாகா 1923இல் அலகாபாத்துக்கும் போனார்கள். ஆசுதோஷ் மறைந்து ஒன்பது ஆண்டுகளில், 1933இல், ராமனும் பெங்களூருக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் நிர்வாகம் பற்றி எழுந்த பூசலில், வங்காளி - வெளியூர்க்காரர் என்ற பேச்சும் கலந்துவிட்டது. ஆசுதோஷ் இருந்தவரை அடங்கியிருந்த குரல்கள் அவை.

ஒரு தனிமனிதரின் நெஞ்சுரத்தை நம்பி நிற்கும் நிறுவனம் அவர் போனதும் தள்ளாடும். இதை அவர் வாழ்க்கையின் பாடங்களில் ஒன்றாகவே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்க்கும்போது மிஞ்சுவது என்ன? 1906க்கு முன் பரீட்சைக் கூடமாக இருந்த ஒன்று, 1924க்குள் ஆராய்ச்சி நடக்கும் இடமாகிவிட்டது. பட்டதாரிகள் பலரின் தரத்தைப் பற்றி வாதம் செய்யலாம். ராமன், போஸ், சாகா, ராதாகிருஷ்ணன், சுனிதி குமார் என்று ஒரே தலைமுறையில் ஒரே பல்கலைக்கழகம் கண்டெடுத்தவர்களைப் பற்றி வாதம் செய்ய முடியாது.

நாம் பட்ட கடன்

பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் "நீ எந்த ஊர்?" என்ற கேள்விக்கு முன்பாக "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்கும் ஒருவர் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்வோம். ராமனுக்கும் ராதாகிருஷ்ணனுக்கும் ஆசுதோஷ் அப்படி ஒருவராக இருந்தார். நம் குழந்தைகள் இன்று பெங்களூரிலும் புணேயிலும் கடல் கடந்தும் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் இப்படி ஒருவர் இருக்க வேண்டுமே என்றுதானே வேண்டிக்கொள்கிறோம்? அப்படியானால் நம் கையில் ஓர் இடம் கொடுக்கும் அதிகாரம் வரும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் ஆள் எடுக்கும்போது, பள்ளிக் குழுவில் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது, விதியின் எழுத்தைப் பார்க்கிறோமா, எதிரில் நிற்பவரின் வேலையைப் பார்க்கிறோமா? நம்மவரா என்று பார்க்கிறோமா, நல்லவரா என்று பார்க்கிறோமா?

ஆசுதோஷ் சேர்த்து வைத்திருந்த 80,000க்கும் மேற்பட்ட நூல்களை அவருடைய குடும்பத்தார் 1949இல் தேசிய நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அலிப்பூரில் இருக்கும் அந்தத் தொகுப்பை விடுமுறை நாளில் பிள்ளைகளுக்குக் காட்டலாம். போஸும் சாகாவும் படித்த புத்தகங்கள் இருந்த நூலகம் அது என்று சொல்லிக் காட்டலாம்.

இன்னொரு யோசனையையும் சங்கத்தின் முன் வைக்கிறேன். ராமன் பெயரில் விழா எடுக்கும் நாம், ஆசுதோஷ் பெயரிலும் ஆண்டுக்கு ஒரு சிறு உதவித்தொகை ஏற்படுத்தலாம். வேறு மாநிலத்திலிருந்து கல்கத்தாவுக்கு ஆராய்ச்சி செய்ய வரும் ஓர் ஏழை மாணவருக்கு அது போய்ச் சேரட்டும். அவர் தமிழராக இருக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட வேண்டாம்.